நாள் கணக்கு 8 வாரம், ஸ்கேனில் 6 வாரம்: குழந்தை வளரவில்லையா?

கேள்வி: எனக்கு வயது 24. காரைக்குடி பக்கத்துக் கிராமம். இது முதல் கர்ப்பம். மாதவிலக்கு எப்போதும் 40, 45 நாளுக்கு ஒருமுறைதான் வரும். ஆசையில் 35-ம் நாளே அட்டை போட்டுப் பார்த்தேன், ஒரு கோடுதான். 46-ம் நாள் இரண்டு கோடு வந்தது. 58-ம் நாள் தண்ணீர் குடிக்க வைத்து வயிற்றின் மேல் ஸ்கேன் எடுத்தார்கள். 8 வாரம் இருக்க வேண்டிய கரு 6 வாரம் 1 நாள் அளவுதான் இருக்கிறது, துடிப்பு தெரியவில்லை என்றார்கள். எங்களை அங்கே அழைத்துப் போன தெரிந்த அக்கா, “வளர்ச்சி நின்றுபோச்சு, மாத்திரை வாங்கித் தர்றேன், கலைஞ்சிடும். மனசு இல்லைன்னா வாரம் ஒரு ஊசி போட்டுப் பார்க்கலாம், சத்து மாவு டப்பாவும் வாங்கித் தர்றேன்” என்கிறார். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். லீவில் வந்தது ஸ்கேனுக்கு 40 நாள் முன்புதான். அப்பத்தா அந்தக் கணக்கை வேறு கிளப்புகிறார். ரிப்போர்ட் படம் அனுப்பியிருக்கிறேன். என் குழந்தை வளர்கிறதா இல்லையா?

பதில்: முதலில் மாத்திரை விஷயம். அதை வாங்காதீர்கள். யாராவது வாங்கி வந்து கையில் திணித்தாலும் போடாதீர்கள். உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பதை வைத்து வளர்ச்சி நின்றுவிட்டது என்று எந்த மகப்பேறு மருத்துவரும் சொல்ல மாட்டார். கூட வந்தவர் எப்படிச் சொன்னார்?

நாம் கர்ப்பத்துக்கு நாள் எண்ணுவது கரு தரித்த நாளில் இருந்து அல்ல, கடைசி விலக்கின் முதல் நாளில் இருந்து. விதைத்த நாளை விட்டுவிட்டு உழுத நாளில் இருந்து பயிருக்கு வயது எண்ணுவது போன்ற கணக்கு அது. 28 நாள் சுற்று உள்ளவர்களுக்கு ஏறக்குறைய 14-ம் நாள் முட்டை வெளியாகும் என்று வைத்துத்தான் 280 நாள் பிரசவக் கணக்கே போடுகிறார்கள். முட்டை வெளியாவதில் இருந்து அடுத்த விலக்கு வரை உள்ள நாட்கள் பெரும்பாலும் 14-ஐ ஒட்டியே இருக்கும். சுற்று நீண்டால் நீள்வது அதற்கு முந்தைய பகுதி. அப்படியானால் உங்களுக்கு முட்டை வெளியானது 26-க்கும் 31-க்கும் இடைப்பட்ட ஏதோ ஒரு நாளில். எல்லோருக்கும் போடுகிற கணக்கை உங்களுக்கும் போட்டதால் கரு இரண்டு வாரம் பின்தங்கியது போலத் தெரிகிறது.

இதை நான் ஊகமாக மட்டும் சொல்லவில்லை. நீங்கள் எழுதிய மூன்று நாட்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். 14-ம் நாளே கரு தரித்திருந்தால் 35-ம் நாள் அட்டையில் இரண்டாவது கோடு வந்திருக்க வேண்டும், வரவில்லை. 28-ம் நாள் வாக்கில் தரித்திருந்தால் 40-ஐத் தாண்டிய பிறகுதான் கோடு வரும். உங்களுக்கு 46-ல் வந்தது. மூன்றாவது, ஸ்கேன் அளவு. ரிப்போர்ட்டில் சி.ஆர்.எல். என்ற எழுத்துகளுக்கு நேரே 4 மி.மீ. என்று இருக்கிறது. அது கருவின் தலையில் இருந்து அடிப்பகுதி வரை உள்ள நீளம். 4 மி.மீ. என்றால் 6 வாரத்தை ஒட்டிய அளவு. 58-ல் 14 நாளைக் கழித்தால் 44, அதாவது 6 வாரம் 2 நாள். கணக்கு பொருந்தி வருகிறது.

துடிப்பு தெரியாததற்கு வருவோம். 6 வாரத்தில்தான் இதயத் துடிப்பு தெரியவே ஆரம்பிக்கும், அதுவும் உள்வழி (பிறப்புறுப்பு வழியாக எடுக்கிற) ஸ்கேனில். வயிற்றின் மேலே வைத்து எடுக்கிற ஸ்கேனில் இன்னும் சில நாள் பிந்தித்தான் தெரியும். உள்வழி ஸ்கேனில் கரு 7 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தும் துடிப்பு இல்லை, அல்லது சாக் (கருவைச் சுற்றியுள்ள பை) 25 மி.மீ. எட்டியும் உள்ளே கருவே இல்லை என்றால் மட்டுமே ஒரே ஸ்கேனில் முடிவு சொல்லலாம். உங்களுடையது 4 மி.மீ. ஸ்கேன் எடுத்த நாளில் இருந்து 10 முதல் 14 நாள் கழித்து, முடிந்தால் உள்வழியில், மறுபடி எடுங்கள். அது குழந்தையை ஒன்றும் செய்யாது. இந்த வயதில் கரு நாளைக்கு ஏறக்குறைய 1 மி.மீ. வளரும். 10 நாளில் 14 மி.மீ.யை ஒட்டியும் துடிப்போடும் இருந்தால் கவலையை விடலாம். அளவு நகரவே இல்லை என்றால் அப்போது வேறு பேச்சு. அதற்கு முன் நல்லதென்றோ கெட்டதென்றோ நான் சொன்னால் அது பொய்.

அப்பத்தாவின் கணக்கைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தூக்கம் போனது அதனால்தான் என்று நினைக்கிறேன். வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூர், மலேசியா என்று போய்வருகிற நம் செட்டிநாட்டுப் பக்கத்தில் இந்தக் குழப்பம் பல பெண்களை அழ வைத்திருக்கிறது. “பையன் வந்தே 40 நாள்தான் ஆகுது, ஸ்கேன்ல 43 நாள்னு போட்டிருக்கே” என்று விரல் விட்டு எண்ணுவார்கள். அப்பத்தாவிடம் இந்தப் பத்தியை வாசித்துக் காட்டுங்கள்: ஆச்சி, ஸ்கேன் ரிப்போர்ட் 6 வாரம் என்றால் கரு தரித்து 4 வாரம் என்று அர்த்தம். முதல் இரண்டு வாரம் கரு தரிப்பதற்கு முந்தைய நாட்கள், சம்பிரதாயத்துக்காகச் சேர்த்து எண்ணுவது. உங்கள் பேரன் ஊருக்கு வந்து பத்துப் பதினோரு நாள் கழித்து இந்தப் பிள்ளை தரித்திருக்கிறது. அவர் வந்த தேதியே, 8 வாரக் கணக்கு தப்பு என்பதற்கு இன்னொரு சாட்சி. இதில் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை.

இனி அந்த அக்கா. அவர் நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் கர்ப்பம் என்று தெரிந்ததும் வீட்டுக்கு வந்து ஸ்கேனுக்கு அழைத்துப் போகிறவர், திரும்பும்போது மாத்திரை, ஊசி, சத்து மாவு டப்பா என்று மூன்றையும் தானே வாங்கித் தருகிறேன் என்கிறவர், பெரும்பாலும் ஒவ்வொன்றிலும் ஒரு பங்கு பார்ப்பவர். கருவைக் கலைக்கும் மாத்திரையை, பதிவு பெற்ற மருத்துவர் பரிசோதித்து எழுதித் தராமல் கடையில் கொடுக்கவே கூடாது. கொடுக்கிறார்கள். போட்டுவிட்டு ரத்தம் நிற்காமல் ராத்திரி ஆட்டோவில் வருகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். நல்லபடியாக வளர்ந்துகொண்டிருந்த கருவுக்கு, நாள் தெரியாமல் மாத்திரை போட்டவர்களும் அதில் உண்டு.

இதே வகை ஆட்கள் நாலாவது மாதம் இன்னொரு பேச்சோடு வருவார்கள்: “ஆணா பெண்ணா தெரிஞ்சுக்கலாம், வண்டி ஏற்பாடு பண்றேன்.” 1994-ம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். முதல் தடவைக்கே 3 ஆண்டு வரை சிறை. வாசல்படியோடு அனுப்பிவிடுங்கள்.

வாரம் ஒரு ஊசி பற்றி. உங்களுக்கு ரத்தக் கசிவு இல்லை, முன்பு கரு கலைந்ததும் இல்லை. புரோஜெஸ்டிரோன் (கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோன்) மருந்து பயன் தருவது, முன்பு கலைந்து இப்போது கசிவும் இருப்பவர்களுக்கு. எச்.சி.ஜி. என்ற இன்னொரு கர்ப்ப ஹார்மோன் ஊசி வளராத கருவை வளர வைக்காது. முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் பாதிக்கு மேல் உருவாகும்போதே குரோமோசோம் கோளாறோடு உருவானவை. ஊசியால் அது சரியாகாது. நீங்கள் குடம் தூக்கியதாலோ பஸ்ஸில் தேவகோட்டை போய் வந்ததாலோ வந்ததும் அல்ல. படுத்தே கிடக்க வேண்டியதும் இல்லை.

ஒரு விஷயத்தை மட்டும் நீட்டிச் சொல்கிறேன், உங்களுக்கு அது இல்லை என்றாலும். உங்கள் ரிப்போர்ட்டில் கர்ப்பப்பைக்குள் சாக், அதற்குள் யோக் சாக் (கருவுக்கு ஆரம்ப ஊட்டம் தரும் சிறு பை), அதன் ஓரத்தில் கரு என்று தெளிவாக எழுதியிருக்கிறது. அதனால்தான் தைரியமாகக் காத்திருங்கள் என்கிறேன். இதை வாசிக்கும் வேறொரு பெண்ணுக்கு, அட்டையில் இரண்டு கோடு வந்து, ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் ஒன்றுமே தெரியவில்லை என்றால், நான் சொன்ன ‘10 நாள் காத்திருங்கள்’ அவருக்குப் பொருந்தாது. நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டு கருக்குழாயிலேயே தங்கிவிடும். குழாய் வளர்ந்து இடம் கொடுக்காது, வெடிக்கும். அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, கொஞ்சமாகப் பழுப்பு நிறத்தில் கசிவு, மயக்கம், தோள்பட்டை நுனியில் காரணமில்லாத வலி இவற்றில் எது வந்தாலும் காயவைத்த சுக்குக் கஷாயத்துக்கு அடுப்பைப் பற்றவைக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். தோள்பட்டை வலியை வாயு என்று சொல்லிச் சூடு ஒத்தடம் கொடுத்துப் படுக்க வைப்பார்கள். உள்ளே கசியும் ரத்தம் உதரவிதானத்தை உறுத்துவதால் தோளில் தெரிகிற வலி அது. இப்படிப்பட்டவருக்கு 48 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பீட்டா எச்.சி.ஜி. ரத்தப் பரிசோதனை எடுத்து, எண் எப்படி ஏறுகிறது என்று பார்ப்பார்கள். மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இதே அறிகுறிகள் இந்தப் பத்து நாளில் உங்களுக்கு வந்தாலும், மணிக்கு ஒரு பேட் நனைகிற அளவு ரத்தம் போனாலும், ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே போங்கள்.

வயிறு தெரியவில்லை, வாந்தி குறைந்துவிட்டது என்றெல்லாம் வீட்டில் சொல்லத்தான் செய்வார்கள். கர்ப்பப்பை இடுப்பெலும்புக்கு மேலே எட்டிப் பார்ப்பதே 12 வாரம் ஆன பிறகு. அந்த நேரத்தில் குழந்தையின் நீளம் 5 செ.மீ.யை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் உறுப்புகள் எல்லாம் அதற்குள் அமைந்துவிடும். மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கரு தரித்த 28 நாளுக்குள் மூடிக்கொள்ளும். ஃபோலிக் ஆசிட் மாத்திரையைக் கல்யாணத்தோடேயே ஆரம்பிக்கச் சொல்வது அதற்காகத்தான். நீங்கள் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றால் இன்றே ஆரம்பியுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். மசக்கையில் எடை ஒன்றிரண்டு கிலோ குறைந்தாலும் குழந்தை அதனால் குன்றாது. ஆனால் தண்ணீர்கூடத் தங்கவில்லை, சிறுநீர் குறைகிறது என்றால் டிரிப்ஸ் வேண்டும். பழுத்த பப்பாளியைப் பற்றிக் கேட்பீர்கள், நன்றாகப் பழுத்தது ஒன்றும் செய்யாது, காய் வேண்டாம். குங்குமப்பூவுக்குக் கொடுக்கிற காசில் முட்டையும் முருங்கைக்கீரையும் பேரீச்சையும் வாங்குங்கள். டப்பா மாவு வேண்டவே வேண்டாம்.

12 வாரத்துக்குள் ஊர் நர்சம்மாவிடம் பதிவு செய்து ஆர்.சி.எச். எண் (கர்ப்பப் பதிவு எண்) வாங்குங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து ரூ.18,000. அதற்கும், பிறகு பிறப்புச் சான்றிதழுக்கும் இந்த எண்ணைத்தான் கேட்பார்கள். பதிவுக்குக் காசு கிடையாது. கம்ப்யூட்டர் சென்டரில் முந்நூறு, ஐந்நூறு என்று வாங்குகிறார்கள், 18,000-ஐ வாங்கித் தருகிறேன் என்று பங்கு பேசுகிற தரகர்களும் இருக்கிறார்கள். ஒரு கர்ப்பிணி தன் பெயரைப் பதிவு செய்ய ஏன் இத்தனை பேர் கையை எதிர்பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக வருகிறது. கணவர் செல் நம்பரைக் கொடுத்துவிடாதீர்கள், ஓ.டி.பி. எல்லாம் சிங்கப்பூருக்குப் போகும். உங்கள் நம்பரையே கொடுங்கள். உங்கள் ரத்தப் பிரிவு நெகட்டிவ் என்றால் கணவருடையதை போனில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஸ்கேன் முறையில் எனக்கு இருக்கிற பெரிய குறையே, ரிப்போர்ட்டை ஆங்கிலத்தில் அச்சடித்து உறையில் போட்டுக் கொடுத்துவிட்டு, விளக்கம் சொல்ல ஒருவரும் இல்லாமல் விடுவதுதான். கவுண்டரில் இருப்பவர் ஒரு வார்த்தை சொல்வார், குடும்பம் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும். இரண்டாவது ஸ்கேன் முடிந்ததும் எழுந்து வந்துவிடாதீர்கள். “சி.ஆர்.எல். எத்தனை மி.மீ.? துடிப்பு இருக்கிறதா? இந்த அளவுப்படி பிரசவத் தேதி என்ன?” மூன்றையும் கேட்டு, தமிழில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தத் தேதிதான் முக்கியம். துடிப்பு வந்துவிட்டால் 11 வாரத்துக்கும் 13 வாரம் 6 நாளுக்கும் இடையில் என்.டி. ஸ்கேன் (குழந்தையின் பிடரித் தடிமனை அளக்கும் ஸ்கேன்) எடுப்பார்கள். அந்த வாரங்களையும் புதுக் கணக்கில் எண்ணுங்கள், பழைய கணக்கில் போனால் இரண்டு வாரம் முந்திப் போய் நிற்பீர்கள். உங்கள் கர்ப்பகாலப் பதிவு அட்டையில் விலக்கு நாளை வைத்து நர்சம்மா ஒரு பிரசவத் தேதி எழுதியிருந்தால், அதை அடித்துவிட்டு ஸ்கேன் அளவுப்படி வரும் பிரசவத் தேதியை எழுதி டாக்டரிடம் கையெழுத்து வாங்குங்கள். இதை விட்டால் ஏழாவது மாதத்தில் ஒருவர் ‘வளர்ச்சி கம்மி’ என்பார், கடைசியில் இன்னொருவர் ‘தேதி தாண்டிவிட்டது’ என்று, உள்ளே இன்னும் இரண்டு வாரம் இருக்க வேண்டிய பிள்ளையை ஆபரேஷனில் எடுத்துவிடுவார்.