புருவத்தில் முடி நடும் சிகிச்சை: தோல் மருத்துவரிடம் கேட்ட கேள்விகள்

கேள்வி: எனக்கு வயது 26. கல்லூரிக் காலத்தில் மாதம் இருமுறை திரெட்டிங் செய்துகொண்டேன். இப்போது இரண்டு புருவங்களிலும் வெளி ஓரம் வெறுமையாகிவிட்டது. முடி நட்டுக்கொள்ளலாமா, டாக்டர்?

பதில்: நடுவதற்கு முன், முடி ஏன் போனது என்பதை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். திரும்பத் திரும்ப வேரோடு பறிக்கப்படும் முடியின் வேர்க்கால் நலிந்து, ஒரு கட்டத்தில் முளைப்பதையே நிறுத்திவிடும் என்பது உண்மைதான். ஆனால் புருவத்தின் வெளிப்பக்கம் உதிர்வது தைராய்டு சுரப்புக் குறைவிலும் காணப்படும் ஓர் அறிகுறி. அதுதான் காரணம் என்றால், தைராய்டைச் சீராக்கும் மாத்திரையிலேயே முடி திரும்பி வரக்கூடும், அறுவையே தேவைப்படாது. ஆகவே முதலில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஆறு மாதங்களாவது நூலோ இடுக்கியோ படாமல் புருவத்தை விட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் முளைக்காமல், பரிசோதனையிலும் வேறு நோய் தெரியவில்லையென்றால், இந்தச் சிகிச்சையால் நல்ல பலன் பெறக்கூடியவர்களில் நீங்களும் ஒருவர்.

கேள்வி: முடியை எங்கிருந்து எடுக்கிறார்கள்? மயக்க மருந்து கொடுப்பார்களா?

பதில்: பெரும்பாலும் பிடரியிலிருந்தோ காதுக்குப் பின்புறத்திலிருந்தோ எடுக்கிறோம், அங்குள்ள முடி ஓரளவு மெல்லியதாக இருப்பதால் புருவத்தோடு பொருந்திப் போகும். முழு மயக்கம் தேவையில்லை, அந்த இடம் மரத்துப்போக ஊசி போட்டால் போதும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள கருவியால் வேர்க்கால்களைத் தனித்தனியே எடுத்து, ஒரு முடி மட்டுமே உள்ளவற்றைத் தேர்ந்து நடுவோம். தலையில் ஒரே குழியில் இரண்டு மூன்று முடிகள் நிற்கலாம்; புருவத்தில் அப்படி நட்டால் பொம்மைக்கு ஒட்டிய முடிபோலத் தெரியும். முழுப் புருவத்தையும் உருவாக்க, ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 150 முதல் 300 முடிகள் வரை தேவைப்படலாம்; வேலை சில மணி நேரம் நீடிக்கும்.

எண்ணிக்கையைவிடப் பெரிய விஷயம் முடி சாயும் திசை. வயலில் நாற்று நிமிர்ந்து நிற்க வேண்டும். புருவ முடியோ தோலோடு ஒட்டிப் படுத்திருக்க வேண்டும். அதற்காகத் தோலுக்குப் பத்துப் பதினைந்து டிகிரிச் சாய்வில் துளையிடுகிறோம். கண்ணாடியில் உற்றுப் பாருங்கள்: மூக்கை ஒட்டிய முனையில் முடிகள் மேல்நோக்கி எழும்பும், நடுப்பகுதியில் மேல்வரிசை கீழ்நோக்கியும் கீழ்வரிசை மேல்நோக்கியும் சாய்ந்து ஒரு கோட்டில் சந்திக்கும், வால்பகுதியில் எல்லாம் வெளிப்புறமாக ஓடும். இந்த ஒழுங்கைக் கைக்கொள்ளாதவர் 300 முடிகளை நட்டாலும் அது புருவமாகாது. எனவே மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும்போது, அவர் சிகிச்சை அளித்தவர்களின் ஓராண்டுக்குப் பிந்தைய படங்களை, அதுவும் பக்கவாட்டில் எடுத்தவற்றை, கேட்டு வாங்கிப் பாருங்கள்.

கேள்வி: நட்ட முடி தலைமுடி போலவே நீளும் என்கிறார்களே?

பதில்: உண்மைதான். இடம் மாறினாலும் முடி தன் பிறந்த இடத்தின் இயல்பையே பெரிதும் வைத்துக்கொள்ளும் என்பதை 1950களில் நியூயார்க் தோல் மருத்துவர் நார்மன் ஒரென்ட்ரைக் விளக்கிக் காட்டினார். புருவ முடி சில வாரங்கள் மட்டும் வளர்ந்து நின்றுவிடும். தலைமுடியோ ஆண்டுக்கணக்கில், மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வீதம், வளரும். அதனால் வாரம் ஒருமுறையோ பத்து நாளுக்கு ஒருமுறையோ கத்தரிக்க வேண்டியிருக்கும். சுருள்முடிக்காரர்களின் புருவத்திலும் அந்தச் சுருள் வரும். பிடரி நரைத்தால் நட்ட முடியும் நரைக்கும். இதைச் சொல்லாமல் சிகிச்சைக்கு நாள் குறிப்பது நோயாளிக்குச் செய்யும் அநீதி என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: என் தம்பிக்குப் புழுவெட்டினால் ஒரு புருவம் பாதி போய்விட்டது. நடலாமா?

பதில்: இப்போது வேண்டாம். உடலின் எதிர்ப்பாற்றலே வேர்க்கால்களைத் தாக்குவதால் வரும் நோய் இது. நட்ட முடியையும் அது விட்டுவைக்காது. தானாகவே திரும்ப முளைக்கவும் வாய்ப்புண்டு. மருந்துச் சிகிச்சையைத் தொடருங்கள். நோய் ஓரிரு ஆண்டுகளாவது அடங்கியிருந்தால்தான் நடவைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: என் தந்தை தொழுநோய்க்கு மருந்துகளை முழுமையாக உட்கொண்டு குணமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. புருவம் மட்டும் வரவில்லை. பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்று திருமண வீடுகளுக்குக்கூட வர மறுக்கிறார்.

பதில்: உங்கள் கேள்வியைப் படித்து நெடுநேரம் கலங்கினேன். நோய் நீங்கிய பிறகும் ஊரார் பார்வையில் அதை நிலைநிறுத்துவது இந்த வெற்றுப் புருவம்தான்; அதனால் உங்கள் தந்தைக்கு இதை வெறும் அழகுச் சிகிச்சையாக நான் கருதமாட்டேன். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவர் பால் பிராண்டும் அவருடைய குழுவினரும் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்ததோடு புருவங்களையும் அமைத்துக் கொடுத்தார்கள். முடியுள்ள தலைத்தோலின் ஒரு கீற்றை, அதன் இரத்தக்குழாய் அறாமல், நெற்றித்தோலுக்கு அடியில் வழியமைத்துப் புருவ இடத்துக்குக் கொண்டுவந்து தைக்கும் முறை அது. அடர்த்தியான புருவம் வேண்டுவோருக்கு அது இன்றும் பயன்படக்கூடியது. இயற்கையான தோற்றத்துக்கு முடிகளைத் தனித்தனியாக நடும் முறை ஏற்றது. நோயால் தோல் மெலிந்திருந்தால் நட்டவற்றில் ஒரு பகுதி பிடிக்காமல் போகலாம். ஆகவே முதலில் சிலவற்றை மட்டும் நட்டுச் சோதித்து, சில மாதங்கள் கழித்து மீதியை நடுவது நல்லது. நோய் அடங்கியிருப்பதைத் தோல் மருத்துவரிடம் உறுதிசெய்துகொண்டு, அரசு மருத்துவக் கல்லூரியின் பிளாஸ்டிக் அறுவைத் துறையில் விசாரியுங்கள்.

கேள்வி: நான் விசாரித்த இடத்தில், மருத்துவர் வடிவத்தை வரைந்துவிட்டுப் போய்விடுவார், மற்றதை டெக்னீசியன் செய்வார் என்றார்கள். சரிதானா?

பதில்: சரியல்ல. முடி நடவை உரிய அறுவைப் பயிற்சி பெற்ற, பதிவுபெற்ற மருத்துவர்களே செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் வழிகாட்டியது; உதவியாளர்கள் மருத்துவரின் மேற்பார்வையில் உதவலாம், அவ்வளவே. கண்ணுக்கு மேலே ஊசி போடும் வேலை இது. வேறிடம் தேடுங்கள்.

கேள்வி: எனக்கு நடவு முடிந்து மூன்று வாரங்கள். நட்ட முடியெல்லாம் உதிர்கிறது. பணம் வீணாகிவிட்டதா?

பதில்: பதற வேண்டாம். நட்ட முடியின் தண்டு இரண்டிலிருந்து நான்கு வாரங்களுக்குள் உதிர்வது வழக்கம். வேர்க்கால் தோலுக்குள் பத்திரமாக இருக்கும். மூன்று நான்கு மாதங்களில் முளைக்கத் தொடங்கி, முழுத் தோற்றம் வர ஒன்பது முதல் பன்னிரண்டு மாதங்கள் ஆகும். அதுவரை தேய்க்காதீர்கள், பறிக்காதீர்கள், புகைபிடிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். சிவப்பு, சீழ், கூடிக்கொண்டே போகும் வலி ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.