ஒன்பதாவது மாடியில் அம்மா

கேள்வி: கும்பகோணத்திலிருந்து அம்மாவை (72) எங்கள் சென்னை ஃபிளாட்டுக்கு அழைத்து வந்தோம். அப்புறம்தான் மறதி. அடுப்பை அணைக்க மறக்கிறார், கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. இடம் மாறியதுதான் காரணமா, டாக்டர்?

பதில்: வீடு மாறியதாலேயே டிமென்ஷியா (மறதி நோய்) வந்துவிடாதம்மா. ஆனால் ஊரில் திண்ணைப் பேச்சு, கீரைக்காரியிடம் பேரம், கோயிலுக்கு நடை என்று மூளைக்கு நாள் முழுக்க வேலை இருந்திருக்கும். இங்கே டிவிதான் துணை. லான்செட் என்ற மருத்துவ இதழின் நிபுணர் ஆணையம் 2024-இல் சொன்ன, டிமென்ஷியா அபாயத்தைக் கூட்டும், ஆனால் நம்மால் மாற்றக்கூடிய 14 காரணிகளில் தனிமை, உடலுழைப்பின்மை, காற்று மாசு, காது மந்தம் எல்லாமே உண்டு.

கூப்பிட்டால் திரும்புவதில்லை என்கிறீர்களே, எனக்கு அதுதான் உறுத்துகிறது. முதலில் காதைக் காட்டுங்கள். அழுக்கு அடைத்திருந்தாலே பாதிப் பேச்சு விழாது. வைட்டமின் பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனையும் அவசியம். முதுமையில் மனச்சோர்வும் மறதி வேடத்தில் வரும், அதையும் டாக்டரிடம் கேளுங்கள்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? சமையலறை டப்பாக்களை அவர் இஷ்டப்படி அடுக்கவிடுங்கள் (மருமகளுக்குக் கோபம் வரலாம், பரவாயில்லை). கழிவறை வழியில் இரவு விளக்கு வேண்டும். மாலையில் கீழே அழைத்துப் போய் நாலு பேரிடம் அறிமுகப்படுத்துங்கள். அடுப்புக்கு, தானாக அணையும் இண்டக்‌ஷன் வாங்கலாம்.