வட கொரியா போன்ற மூடிய தேசத்துக்காக ஜெபிப்பதில் பயன் உண்டா?

"உள்ளே போகவே வழியில்லாத வட கொரியாவுக்காக எதை நம்பி ஜெபிப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். பல வருடங்களாக அந்த தேசத்துக்காக ஜெபித்து வருகிறேன், அதனால் சொல்கிறேன்: கர்த்தர் அங்கே ஏற்கெனவே செய்ததை நம்பித்தான்.

இன்று வட கொரியாவின் தலைநகரான பியோங்யாங்குக்கு ஒரு காலத்தில் 'கிழக்கின் எருசலேம்' என்று பெயர். 1907 ஜனவரியில் அங்கே ஒரு சபையில் வேதபாடத்துக்காக சுமார் 1,500 பேர் கூடியிருந்தார்கள். ஊரே மதித்த சபை மூப்பர் கில் சோன்ஜூ எழுந்து, தன்னை ஆகான் (யோசுவாவின் நாட்களில் விலக்கப்பட்டதைத் திருடி ஒளித்துவைத்தவன்) என்று சொல்லிக்கொண்டார். சாகும் தறுவாயில் நண்பர் நம்பி ஒப்படைத்த சொத்திலிருந்து பணம் எடுத்துக்கொண்டதை அத்தனை பேர் முன்னால் அறிக்கை செய்தார். அதை நண்பருடைய விதவையிடம் திருப்பிக் கொடுத்துவிடுவதாகவும் சொன்னார். அந்த நாட்களில் மொத்தச் சபையும் ஒரே குரலில் சத்தமிட்டு ஜெபித்தது, ஜனங்கள் விடிய விடிய அழுதார்கள். அப்புறம் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டார்கள். எப்போதோ ஏமாற்றிய பெருந்தொகையை ஒரு விசுவாசி கொண்டுவந்து நீட்டியபோது, சீன வியாபாரி ஒருவர் திகைத்துப் போனாராம். எனக்கு எழுப்புதல் என்றால் இதுதான்.

இதில் நம் தேசத்துக்கும் பங்கு உண்டு. மேகாலயாவின் காசி மலைகளில் 1905இல் உண்டான எழுப்புதலின் செய்தி அடுத்த வருடமே கொரியாவுக்குப் போய், அங்கிருந்தவர்களை ஏங்க வைத்தது.

பிறகு கொரியாவை ஆண்ட ஜப்பானியர் தங்கள் ஷின்டோ மதக் கோவிலில் வணங்கச் சொல்லி நெருக்கினார்கள். மறுத்த போதகர் சூ கிச்சோல் 1944இல் பியோங்யாங் சிறையிலேயே மரித்தார். 1945க்குப் பின் கம்யூனிச ஆட்சி, போர். விசுவாசிகள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே ஓடினார்கள். இன்று சியோலில் இருக்கும் பெரிய சபைகளில் ஒன்றான யங்னாக், அப்படி வந்த அகதிகள் ஆரம்பித்ததுதான். இன்னொன்றும் கவனியுங்கள்: அந்த ஆட்சியை நிறுவிய கிம் இல் சுங்கின் தாயே ஒரு மூப்பரின் மகள்.

ஆகவே 'ஆட்சி கவிழட்டும்' என்று மட்டும் ஜெபித்து நிறுத்திவிடாதீர்கள். சிறை முகாம்களில் இருப்பவர்களுக்காக, தூமன் ஆற்றைக் கடந்து சீனாவில் ஒளிந்திருக்கும் பெண்களுக்காக, பிடிபட்டுத் திருப்பி அனுப்பப்படுகிறவர்களுக்காகத் திறப்பிலே நின்று பரிந்து ஜெபியுங்கள். ஆட்சியில் இருக்கிறவர்களின் மனந்திரும்புதலுக்காகவும் கேளுங்கள். தனியாக முடியாவிட்டால் வாரத்தில் ஒரு நாள் இரண்டு பேராகச் சேர்ந்து ஆரம்பியுங்கள்.