உப்பு கரைஞ்சால் என்ன நடக்குது? கேள்வி பதில்

வணக்கம். யாழ்ப்பாணத்திலை கன வருசமா ஏ.எல் பிள்ளையளுக்கு இரசாயனம் படிப்பிச்சனான். கரைசலைப் பற்றி ஆர் எண்டாலும் கேளுங்கோ எண்டு சொன்னன், வந்த கேள்வியளுக்குப் பதில் கீழை.

கேள்வி: சேர், உலையிலை உப்புப் போட்டால் கொதிநிலை கூடும் எண்டு படிச்சம். அப்ப சோறு கெதியா வேகுமோ?

பதில்: கூடுறது உண்மைதான் பிள்ளை, ஆனா எவ்வளவு எண்டு கணக்குப் போட்டுப் பார். ஒரு லீற்றர் தண்ணிக்கு 10 கிராம் உப்பு எண்டால் 0.17 மூல் (மூல் எண்டது துணிக்கையளை எண்ணுற அலகு), அது சோடியம், குளோரைட்டு எண்டு ரெண்டா அயனாகிறதாலை துணிக்கையள் 0.34 மூல், அதைத் தண்ணியின்ரை கொதிநிலை மாறிலி 0.51 ஆலை பெருக்கினால் 0.17 பாகைதான் வரும். அரிசிக்கு அது தெரியவே தெரியாது. உப்பு ருசிக்குத்தான். என்ன பொருள் கரையுது எண்டதை விட எத்தினை துணிக்கை கரையுது எண்டதுதான் இதிலை முக்கியம், இதைப் பிடிச்சுக்கொண்டால் பாதி அலகு முடிஞ்ச மாதிரி. அதே 10 கிராம் சீனியைப் போட்டால் கூடுற அளவு கிட்டத்தட்டப் பன்னிரண்டிலை ஒரு பங்குதான் வரும், சீனி மூலக்கூறு பெரிசு, பிரியவும் மாட்டுது.

கேள்வி: அப்ப பனங்கட்டி காய்ச்சேக்கை தெறிச்சால் ஏன் மாஸ்டர் அவ்வளவு பொல்லாத சூடு?

பதில்: நல்ல கேள்வி அக்கா. கருப்பணி (பதநீர்) வத்த வத்தத் தண்ணி குறைஞ்சு சீனிதான் கூட நிக்கும், தண்ணியின்ரை பங்கு குறைய ஆவியமுக்கம் (ஆவி குடுக்கிற அமுக்கம்) இறங்கும், கொதிக்க எண்டால் அது திரும்ப வளிமண்டல அமுக்கத்தைப் பிடிக்கிறதுக்கு இன்னும் சூடு வேணும், அதாலை பதம் வாற நேரம் தாச்சி 110 பாகையையும் தாண்டி நிக்கும். சிரட்டைத் தண்ணிக்கை ஒரு சொட்டு விட்டு, விரலாலை உருட்ட உருண்டு நிண்டால் இறக்குவினமெல்லே, அந்த உருண்டை சொல்லுறது எவ்வளவு தண்ணி மிச்சம் எண்டதைத்தான். தெர்மோமீற்றர் இல்லாமலே கொதிநிலை பாக்கிற வேலை அது. தெறிச்ச பாணி தோலிலை ஒட்டிக்கொண்டு நிக்கும், சின்னப் பிள்ளையளைக் கிட்ட விடாதேங்கோ.

கேள்வி: கையாலை ஐஸ்கிறீம் சுத்தேக்கை ஐஸுக்கை உப்புப் போடுறது ஏன்? ஐஸ் கரைஞ்சு போகுமே?

பதில்: கரையத்தான் வேணும் தம்பி! உப்புத்தண்ணியின்ரை உறைநிலை பூச்சியத்துக்குக் கீழை, அதாலை ஐஸ் கரையத் தொடங்கும், கரையத் தேவையான வெப்பத்தைச் சுத்தி உள்ளதிலை இருந்து இழுக்கும், மூண்டு பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு எண்டால் சைபருக்குக் கீழை 21 பாகை மட்டும் போகலாம். வெறும் ஐஸ் சைபரோடை நிக்கும், அதிலை பால் இறுகாது.

கேள்வி: சோடாப் போத்தல் சூடாயிருந்தால் ஏன் சீறுது?

பதில்: சூடு கூட வாயு கரையிறது குறையும், அவ்வளவுதான்.

கேள்வி: ஆனையிறவு உப்பளத்திலை கடல்தண்ணியை முழுக்கக் காய விட்டால் என்ன, ஏன் மிச்சத்தை வடிய விடுகினம்?

பதில்: கடல்தண்ணி ஒரு லீற்றரிலை கிட்டத்தட்ட 35 கிராம் உப்புகள், ஆனா எல்லாம் கறியுப்பில்லை. வத்தேக்கை முதல்லை கல்சியம் காபனேற்றும் ஜிப்சமும் (கல்சியம் சல்பேற்று) படியும், பிறகு தண்ணி பத்திலை ஒரு பங்காகேக்கை கறியுப்பு படியும், மக்னீசிய உப்பு கடைசி மட்டும் கரைசலிலை நிக்கும். அதையும் சேத்துக் காயவிட்டால் உப்பு கைக்கும், மாரியிலை போத்தலுக்கை ஊறித் தண்ணி விடும்.

கேள்வி: எங்கடை கிணத்துத் தண்ணி காய்ச்சினால் கேத்திலுக்கை வெள்ளையாப் படியுது. நல்லாக் காய்ச்சினால் தண்ணி சுத்தமோ?

பதில்: எங்கடை நிலம் சுண்ணாம்புக்கல். கரைஞ்சு நிக்கிற கல்சியம் இருகாபனேற்று சூட்டிலை காபனீரொட்சைட்டை விட்டிட்டுக் கல்சியம் காபனேற்றாப் படியுது, தேசிக்காய்ப் புளி விட்டு ஊற வைச்சால் கழண்டிடும். ஆனா காய்ச்சிறதாலை கிருமி சாகுமே தவிர, சவரும் நைத்திரேற்றும் போகாது, தண்ணி ஆவியாப் போக அதின்ரை செறிவு கூடத்தான் செய்யும். தோட்டத்துக்குப் பக்கத்துக் கிணத்திலை பசளையாலை நைத்திரேற்று இருக்கலாம். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிற வீடு எண்டால், தயவுசெய்து தண்ணியை ஒருக்காப் பரிசோதிச்சுப் போட்டுக் குடுங்கோ.