பழைய கட்டடங்களைக் காக்கும் வேலை: கேட்டவர்களுக்குப் பதில்கள்

புதுச்சேரியிலும் காரைக்குடிப் பக்கமும் 19 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். வந்த கேள்விகளுக்குத் தெரிந்த வரை சொல்கிறேன்.

மதுரை, பி.ஆர்க். நான்காம் ஆண்டு: இந்தத் துறைக்கு வர முதலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

அளக்கக் கற்றுக்கொள்ளம்மா. டேப்பும் தூக்குக்குண்டும் எடுத்துக்கொண்டு ஒரு பழைய அறையை அளந்து வரை. மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு பக்கமும் அளந்தால்தான் அறை கோணலா இல்லையா என்று தெரியும். பிறகு சுவரை விரல் முட்டியால் தட்டு. காரை செங்கல்லை விட்டுப் பிரிந்திருந்தால் பானையைத் தட்டினாற்போல் கேட்கும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போட்டுப் படத்தில் ஏற்று. ஒரு மழைக்காலம் கழித்து மறுபடி தட்டிப் பார். வட்டம் பெரிதாகியிருந்தால் ஈரம் இன்னும் வருகிறது. அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் கொத்துக் கரண்டியைத் தொடவே கூடாது. பழைய சின்னங்களைக் காக்கும் சர்வதேச அமைப்பான இக்கோமாஸ் 1993இல் வெளியிட்ட பயிற்சி நெறிமுறையும் பழுதின் காரணத்தைக் கண்டறிவதை அடிப்படைத் திறனாகச் சொல்கிறது. எப்போது அடுத்தவரிடம் ஆலோசனை கேட்க வேண்டும் என்று அறிவதும் அந்தப் பட்டியலில் உண்டு. அதை மறந்துவிடாதே.

சேலம்: சம்பளம் எப்படி?

ஆரம்பத்தில் குறைவுதான்.

தஞ்சாவூர்: பெரிய கோயிலிலிருந்து 80 மீட்டரில் எங்கள் வீடு. மாடி எடுக்கலாமா?

முடியாது. 2010இல் திருத்திய மத்தியச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. பழுது பார்க்க அனுமதி கேட்கலாம். அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும்.

கோவை, ஓய்வுபெற்ற சிவில் இன்ஜினியர்: சிமெண்ட் பலமானது. சுண்ணாம்பைக் கட்டிக்கொண்டு ஏன் அழ வேண்டும்?

ஐயா, அந்தப் பலம்தான் பிரச்சினை. பழைய செங்கல் ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புக் காரை அதை வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசினால் வழி அடைபடும். உப்பு செங்கல்லுக்குள்ளேயே பூத்து முகத்தை உரித்துவிடும். காரை போனால் மறுபடி பூசலாம், செங்கல் போனால் என்ன செய்வது? டெல்லி ஹுமாயூன் கல்லறையின் கூரையிலிருந்து மட்டும் சுமார் 10 லட்சம் கிலோ கான்கிரீட்டை அகற்ற வேண்டியிருந்தது. ஒழுகலை நிறுத்துவதற்காகப் பின்னாளில் போட்டது அது.

அவரே மறுபடி: நான் கட்டிய பாலங்கள் 35 வருடமாக நிற்கின்றன. சரி, சுண்ணாம்புக்கும் மணலுக்கும் என்ன விகிதம்?

உங்கள் பாலங்கள் இன்னும் நிற்கும் ஐயா, அவை சிமெண்டுக்காகவே வரைந்தவை. சுண்ணாம்புக்கு எல்லாக் கட்டடத்துக்கும் ஒரே விகிதம் கிடையாது. கட்டடத்தையே கேட்க வேண்டும். பழைய காரைத் துண்டை எடைபோட்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடுங்கள். சுண்ணாம்பு நுரைத்துக் கரையும், மணல் அடியில் தங்கும். அதைக் கழுவிக் காயவைத்து எடைபோட்டால் விகிதம் வந்துவிடும். மணலில் சிப்பித்தூள் கலந்திருந்தால் அதுவும் கரைந்து கணக்கைக் கெடுக்கும். இதை நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள், பிறகு பேசுவோம்.

நெல்லை: எந்தக் கல்லூரி?

நாலாவது முறையாக எழுதுகிறேன். முதுகலைக்கு டெல்லி, போபால் திட்டமிடல் கட்டடக்கலைப் பள்ளிகள், அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம். முன்பே யாராவது கேட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

திருவண்ணாமலை: கோயில் கல்லை மணல் வீசிச் சுத்தம் செய்யலாமா?

கூடாது. கல்வெட்டு எழுத்தின் விளிம்பு மழுங்கிவிடும். சிமெண்ட் பூச்சும் வேண்டாம் என்று அங்கேயும் சொல்லிவிடுங்கள்.

தேவகோட்டை: அப்பா சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார். நான் பி.காம். எனக்கு இதில் இடம் உண்டா?

உண்டு தம்பி. 1972 கட்டடக்கலைஞர் சட்டப்படி பதிவு இல்லாமல் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள முடியாது, அவ்வளவுதான். ஆவணப்படுத்த, மதிப்பீடு போட, வேலையை மேற்பார்க்க ஆள் வேண்டும். அப்பா சுண்ணாம்பை எத்தனை நாள் ஊறவைக்கிறார், கடுக்காய்த் தண்ணீர் எவ்வளவு சேர்க்கிறார், அரைத்தது பதமாகிவிட்டது என்று எதை வைத்துச் சொல்கிறார், எல்லாவற்றையும் அவர் வாய்வார்த்தையிலேயே எழுதி வை. தை மாதம் காரைக்குடியில் ஒரு வீட்டு முகப்பு வேலை தொடங்குகிறது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா.