டி அண்ட் டி ஆட்டத்தில் மனதில் நிற்கும் என்பிசியை உருவாக்குவது எப்படி?

டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) கதையாட்டத்தில் என்பிசிக்கு, அதாவது ஆட்டத்தை நடத்துகிறவரே பேசி நடிக்கும் பாத்திரத்துக்கு, நாலு பக்கம் முன்கதை எழுதியும் ஆட்டக்காரர்கள் ரெண்டே நிமிஷத்தில் என்பிசியைத் தாண்டிப் போகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். சனிக்கிழமை ராத்திரி வேளச்சேரிப் பக்கம் யார் வீட்டு ஹாலிலோ அஞ்சு பேரை வைத்து டிஎம் பண்ணுகிறவர், அதாவது ஆட்டத்தை நடத்துகிறவர் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முன்கதையைத் தூக்கிப் போடுங்கள். ஒரு விசிட்டிங் கார்டின் பின்பக்கம் போதும். துறைமுக ஊரில் மீன் ஏலம் விடும் மாசிலா என்று வையுங்கள். காசிமேட்டில் விடியற்காலை ஏலம் கேட்டவருக்குக் குரல் தானாக வரும். அவளுக்கு வேண்டியது, கடனில் போன துடுப்புப் படகு. ஆட்டக்காரர் கையேட்டில் அதன் விலை 50 தங்கக் காசு. அவளுக்குத் தெரிந்தது, கடத்தல் சரக்கு வரும் ராத்திரி. எதற்கும் சொல்லாதது, தம்பி ஒளிந்திருக்கும் இடம். பேசும்போது செதில் சுரண்டிக்கொண்டே இருப்பாள், விலை பேசும்போது மட்டும் கத்தி நிற்கும். பொய் சொன்னாலும் நிற்கும். அதை நீங்கள் சொல்லாதீர்கள், யாராவது கவனிக்கட்டும்.

எண்கள்: 2014 ஐந்தாம் பதிப்பில் சாதாரணக் குடிமகனுக்கு ஆர்மர் கிளாஸ் (அவரை அடிக்க எதிரி எட்டவேண்டிய எண்) 10, ஹெச்பி (உயிர்ப்புள்ளி) 4. அதையே எடுத்து, ஆள் மனசைப் படிக்கும் இன்சைட்டை மட்டும் +4 ஆக்குங்கள். 4 ஹெச்பி என்றால் குறி தவறி வந்த ஒரு அம்பில் செத்துப்போவாள். அதனால் கடத்தல் தேதி அவளிடம் மட்டும் இருக்கக்கூடாது; ஏலக் கணக்குப் புத்தகத்திலும் சாராயக் கடைக்காரனிடமும் இருக்கட்டும். முக்கால்வாசி ஆட்டம் படுத்துக்கொள்வது இந்த இடத்தில்தான்.

அதே பதிப்பின்படி, அவள் ஆட்டக்காரர்களோடு ஒட்டும் உறவும் இல்லாதவளாக இருக்கும்வரை, தனக்கு ஆபத்தில்லாத உதவிக்கு டிசி (டைஸ் உருட்டி எட்டவேண்டிய எண்) 10, சின்ன ஆபத்துக்கு 20. படகை மீட்டுக் கொடுத்தால் நட்பு. அப்போது சின்ன ஆபத்துக்கே 10 போதும். தம்பி விஷயத்துக்கு டைஸே கேட்காதீர்கள். தாங்களாகவே உருட்டி, 20 விழுந்துவிட்டதே என்று கத்துவார்கள்; தானாக ஜெயிப்பது தாக்குதல் உருட்டலில்தான், பேச்சில் இல்லை. ரூல்ஸ் எதற்கு, கதைதானே முக்கியம் என்பவர்கள் வழக்கம்போல வருவார்கள். வரட்டும். எண் இல்லாவிட்டால் வாய் உள்ள ஆட்டக்காரன் மட்டும்தான் ஜெயிப்பான்.

இன்னொரு எரிச்சல், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். மந்திரவாதி என்றால் செந்தமிழ், திருடன் என்றால் உடனே "இன்னாபா, பேஜாரு பண்ற". மெட்ராஸ் பாஷையை ஏன் எப்போதும் ரவுடி வாயிலேயே திணிக்கிறீர்கள்? அரண்மனை வைத்தியருக்குக் கொடுத்துப் பாருங்கள். காளானை முகர்ந்துவிட்டு "இத்த துன்னா மூணு நாள் தாங்காது நைனா" என்று அவர் சொன்னால் மேஜையில் ஒருத்தரும் போனை எடுக்கமாட்டார்கள்.

ஆட்டம் முடிந்ததும் கார்டில் ஒரே வரி சேருங்கள்: மாசிலாவுக்கு இவர்கள் என்ன வாக்குக் கொடுத்தார்கள். அடுத்த வாரம் துறைமுகத்தில் கால் வைத்ததும் அவள் முதலில் கேட்பது அதைத்தான்.