குவாட்ரோ பி4000, ஆர்டிஎக்ஸ் ஏ2000: கேம் ஆட இரண்டில் எதை வாங்குவது?

கேள்வி: ஆபீஸில் கழித்துவிட்ட டெல் அல்லது எச்பி கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி 1080பி-யில் கேம் ஆட நினைக்கிறேன். செகண்ட் ஹேண்டில் குவாட்ரோ பி4000 8 ஜிபி, ஆர்டிஎக்ஸ் ஏ2000 6 ஜிபி என்ற என்விடியா கிராபிக்ஸ் கார்டுகள் இரண்டும் கிடைக்கின்றன. எது வேகம், எது கொடுத்த காசுக்குத் தகும்?

பதில்:

கம்ப்யூட்டர் ஸ்மால் ஃபார்ம் ஃபேக்டர் எனப்படும் ஒல்லி கேபினெட் என்றால் யோசிக்கவே வேண்டாம். பி4000 உள்ளே போகாது, ஏ2000 மட்டும்தான் வழி. டவர் கேபினெட்டாக இருந்து, எஸ்எம்பிஎஸ் எனப்படும் பவர் சப்ளையில் 6 பின் கிராபிக்ஸ் பவர் வயரும் இருந்தால் இரண்டும் பொருந்தும். அப்போதும் நான் ஏ2000 பக்கம்தான். ஆனால் பி4000 அதில் பாதி விலைக்கோ அதற்கும் கீழேயோ வந்தால் கணக்கு மாறுகிறது. டவர் வைத்திருப்பவர்கள் இந்த இரண்டையுமே தவிர்ப்பது நல்லதாக இருக்கவும் கூடும். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பி4000 என்பது 2017-இல் வந்த பாஸ்கல் தலைமுறை கார்டு. ஜிடிஎக்ஸ் 1070-இல் இருக்கும் அதே ஜிபி104 சிப்தான். 1070-இல் 1920 கோர், இதில் 1792. மெமரி 8 ஜிபி ஜிடிடிஆர்5, 256 பிட், நொடிக்கு 243 ஜிபி. 1070-க்கு 150 வாட் வரை அனுமதி உண்டு, இதற்கு 105 வாட்தான். வேகம் குறைவதற்கு அதுவே பெரிய காரணம். கேம்களில் இதன் இடம் ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபிக்கும் 1070-க்கும் நடுவில்.

ஏ2000 வந்தது 2021-இல், ஆம்பியர் தலைமுறை. ஆர்டிஎக்ஸ் 3060-இன் ஜிஏ106 சிப். 3060-இல் 3584 கோர், இதில் 3328. கோர் எண்ணிக்கை ஏறத்தாழ அதேதான், ஆனால் 3060 குடிப்பது 170 வாட், இதற்கு விதித்த வரம்பு 70 வாட். தனி பவர் வயரே கிடையாது, மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்தே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறது. மெமரி 6 ஜிபி ஜிடிடிஆர்6, 192 பிட், நொடிக்கு 288 ஜிபி. ஓட்டத்தில் இது ஜிடிஎக்ஸ் 1660 வரிசை கார்டுகளை ஒட்டி நிற்கும்.

இங்கே பலர் ஏமாறும் ஓர் எண் உண்டு. பி4000-இன் கணக்கிடும் திறன் 5.3 டெராஃப்ளாப்ஸ், ஏ2000-இன் திறன் 8 டெராஃப்ளாப்ஸ் (நொடிக்கு 8 லட்சம் கோடி தசமக் கணக்கு) என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு ஏ2000 ஒன்றரை மடங்கு வேகம் என்று முடிவு கட்டக் கூடாது. ஆம்பியரில் பாதிக் கோர்கள் தசமக் கணக்கு, முழு எண் கணக்கு இரண்டையும் மாறி மாறிச் செய்பவை. கேம்களில் 100 தசமக் கணக்குக்குச் சராசரியாக 36 முழு எண் கணக்கு வருகிறது என்று பாஸ்கலுக்கும் ஆம்பியருக்கும் இடைப்பட்ட டூரிங் தலைமுறைக் கார்டுகளை வெளியிட்டபோது என்விடியாவே சொன்னது. அந்த நேரத்திற்கெல்லாம் அந்தக் கோர்கள் டெராஃப்ளாப்ஸ் எண்ணிக்கைக்கு உதவுவதில்லை. கூடவே 70 வாட் வரம்பும் கழுத்தைப் பிடிக்கிறது. அதனால் டைரக்ட்எக்ஸ் 11-இல் ஓடும் பழைய கேம்களில் இரண்டுக்கும் உள்ள இடைவெளி, எண்களைப் பார்த்தால் தோன்றுவதைவிட மிகவும் சிறியது.

அப்படியானால் ஏன் ஏ2000 பக்கம் சாய்கிறேன்? மூன்று காரணம். முதலாவது டிஎல்எஸ்எஸ், அதாவது சிறிதாக வரைந்த படத்தைப் பெரிதாக்கித் தரும் என்விடியா வசதி. 1080பி திரையில் குவாலிட்டி நிலையில் வைத்தால் கார்டு உண்மையில் வரைவது 1280க்கு 720 படம்தான், மீதியை டென்சர் கோர்கள் நிரப்புகின்றன. 70 வாட் கார்டுக்கு இது பெரிய மூச்சு. பி4000-இல் இதே வேலையைச் செய்யும் எஃப்எஸ்ஆர், எக்ஸ்இஎஸ்எஸ் இரண்டும் ஓடும். ஆனால் 1080பி போன்ற குறைந்த ரெசல்யூஷனில் அவற்றின் படம் கம்பி வேலி, இலை, முடி போன்ற இடங்களில் மினுமினுக்கும். டிஎல்எஸ்எஸ் அந்த இடங்களில் தெளிவாகவே மேல். இடையிடையே கூடுதல் ஃப்ரேம்களை உருவாக்கும் ஃப்ரேம் ஜெனரேஷனை மட்டும் ஏ2000-இல் எதிர்பார்க்காதீர்கள், என்விடியாவின் அந்த வசதி ஆர்டிஎக்ஸ் 40 வரிசையிலிருந்துதான் தொடங்குகிறது.

இரண்டாவது, டிரைவர். பாஸ்கலுக்கு 580 வரிசை டிரைவர்தான் கடைசி. அதற்குப் பிறகு அந்தக் கார்டுகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே, புதிய கேமுக்கான சீரமைப்பு இனி இல்லை. லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு இது இன்னும் உறைக்கும். 590 வரிசை பாஸ்கலை ஏற்பதே இல்லை, என்விடியாவின் திறந்த மூலக் கெர்னல் மாட்யூலும் டூரிங்கிலிருந்துதான் வேலை செய்யும்.

மூன்றாவது, புதிய கேம்கள் கேட்கும் வன்பொருள். 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேம், 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் இரண்டுக்கும் ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிடும் ரே டிரேசிங் வன்பொருள் கட்டாயம். பி4000-இல் அது அறவே இல்லை. ஆனால் இதை வைத்து ஏ2000-ஐயும் தூக்கிப் பிடிக்க முடியாது. இரண்டு கேமுக்கும் அறிவித்த குறைந்தபட்சக் கார்டு ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர் 8 ஜிபி. ஏ2000-இல் ரே டிரேசிங் கோர் இருந்தும் மெமரி 2 ஜிபி குறைகிறது.

பி4000-இன் உண்மையான பலம் அங்கேதான் இருக்கிறது. 8 ஜிபி மெமரி. பொருள்களின் மேற்பரப்புப் படமான டெக்ஸ்சரை ஹை அல்லது அல்ட்ராவில் வைத்து ஆடும்போது 6 ஜிபி நிரம்பிவிட்டால், மீதி சிஸ்டம் ரேமுக்கு வழியும். சராசரி ஃப்ரேம் அப்படியே நல்லதாகக் காட்டும், ஆனால் திரும்பும்போதெல்லாம் கால் நொடி, அரை நொடி தடங்கும். ஏ2000-இல் அப்படித் தடங்கினால் நிழலையும் ஒளியையும் குறைத்துப் பயனில்லை, டெக்ஸ்சரை ஒரு படி இறக்குங்கள், சரியாகிவிடும். ஏ2000-இலேயே 12 ஜிபி வடிவமும் உண்டு. விலை வித்தியாசம் கொஞ்சமாக இருந்தால் அதையே எடுத்துவிடுங்கள், இந்தத் தலைவலியே இருக்காது.

இனி பொருத்தும் கதை. பலருடைய பணம் வீணாவது இங்கேதான்.

பி4000 முழு உயரக் கார்டு, நீளம் 24 சென்டிமீட்டர், ஒரே ஸ்லாட் தடிமன். பவர் வயர் கார்டின் வால் பக்கத்தில் செருகுவதால் அதற்கு இன்னும் 3 சென்டிமீட்டர் இடம் விடுங்கள். எச்பி இசட்440, டெல் பிரிசிஷன் டி5810 போன்ற ஒர்க்ஸ்டேஷன்கள் இந்த மாதிரி கார்டுக்காகவே செய்தவை, 6 பின் வயர் அவற்றில் உண்டு. சாதாரண ஆபீஸ் டவரில் பெரும்பாலும் இருக்காது. அப்போது கடைக்காரர் சாட்டா வயரை 6 பின்னாக மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்றைக் கையில் கொடுப்பார். வாங்காதீர்கள். சாட்டா பவரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர், மொத்தம் 54 வாட். 6 பின் இணைப்பு 75 வாட் வரை இழுக்க உரிமை உள்ளது. சுமை ஏறும்போது அந்தச் சின்ன பிளாஸ்டிக் கனெக்டர் சூடாகி உருகும். வேறு வழியே இல்லையென்றால் இரண்டு தனித்தனி வயரிலிருந்து எடுக்கும் இரட்டை மோலெக்ஸ் கன்வெர்ட்டர் பரவாயில்லை. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுவதே சரி, ஆனால் டெல், எச்பி ஆபீஸ் மெஷின்களில் மதர்போர்டு பவர் கனெக்டர் அவர்களுடைய சொந்த வடிவம். அதற்கும் ஒரு கன்வெர்ட்டர் தேட வேண்டும். இந்தச் செலவையெல்லாம் பி4000 விலையோடு கூட்டிப் பாருங்கள்.

ஏ2000 நீளம் 17 சென்டிமீட்டருக்குள் அடங்கும், உயரம் குறைந்தது. ஆனால் தடிமன் இரண்டு ஸ்லாட். சில ஒல்லி கேபினெட்டுகளில் பெரிய பிசிஐ ஸ்லாட் ஓரத்தில், எஸ்எம்பிஎஸ் சுவரையோ கேபினெட் தகட்டையோ ஒட்டி இருக்கும். அங்கே இரட்டை ஸ்லாட் கார்டு இறங்காது. மூடியைத் திறந்து, ஸ்லாட்டிலிருந்து விசிறி வரும் திசையில் 4 சென்டிமீட்டர் காலியாக இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்து அளந்துவிட்டுப் பணம் கொடுங்கள். கூடவே அந்த மாடலின் மேனுவலில் ஸ்லாட்டுக்கு எத்தனை வாட் என்று போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். 75 வாட் என்பது பிசிஐ தரத்தின் உச்சம், சில ஒல்லி மெஷின்களில் அதைவிடக் குறைத்தே எழுதியிருப்பார்கள். கார்டைக் கேபினெட்டில் திருகும் குட்டையான லோ புரொஃபைல் பட்டையும் கார்டோடு வருகிறதா என்று கேளுங்கள். உயரமான பட்டை மட்டும் இருந்தால் ஒல்லி கேபினெட்டில் பொருத்த முடியாது, தனியாக அந்தப் பட்டையைத் தேடுவது பெரும்பாடு.

இரண்டிலும் எச்டிஎம்ஐ கிடையாது. பி4000-இல் நான்கு முழு அளவு டிஸ்ப்ளேபோர்ட், ஏ2000-இல் நான்கு மினி டிஸ்ப்ளேபோர்ட். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் இருந்தால் மினி டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போகும் 1.4 வயரை வாங்குங்கள். மலிவு எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர் போட்டால் மானிட்டர் 60 ஹெர்ட்ஸோடு நின்றுவிடக்கூடும், மானிட்டரைக் கார்டின் ஃப்ரேம் வேகத்தோடு ஒத்துப்போகச் செய்யும் அடாப்டிவ் சிங்க்கும் போய்விடும். கார்டில் குறை என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்க ஓடுவதற்கு முன் வயரைப் பாருங்கள். மானிட்டர் வயர் மதர்போர்டில் செருகியிருக்கிறதா, கார்டில் செருகியிருக்கிறதா என்பதையும்தான்.

டிரைவர் போடும்போது ஜிஃபோர்ஸ் டிரைவர் வேண்டாம், குவாட்ரோ மற்றும் ஆர்டிஎக்ஸ் ஒர்க்ஸ்டேஷன் டிரைவரைத் தேர்ந்தெடுங்கள். ஏ2000-க்கு அதில் புரொடக்‌ஷன் பிராஞ்ச், நியூ ஃபீச்சர் பிராஞ்ச் என்று இரண்டு உண்டு. முதலாவது நிலையானது, புது கேம் வந்து தகராறு செய்தால் இரண்டாவதைப் போட்டுப் பாருங்கள். பிறகு என்விடியா கண்ட்ரோல் பேனலில் இசிசி நிலையைப் பாருங்கள். ஏ2000-இல் மெமரிப் பிழை திருத்தும் இந்த வசதி உண்டு. முன்பு இருந்தவர் பொறியியல் கணக்குகளுக்காக இதை ஆன் செய்து வைத்திருந்தால் 6 ஜிபியில் ஒரு பகுதியும் மெமரி வேகத்தில் ஒரு பகுதியும் அதற்கே போகும். ஆஃப் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். பி4000-இல் இந்த வசதியே இல்லை.

ஏ2000-இலிருந்து இன்னும் கொஞ்சம் வேகம் கறக்கலாம். வாட் வரம்பை உயர்த்த முடியாது, அதனால் அதே 70 வாட்டுக்குள் அதிக கிளாக் ஓடும்படி செய்ய வேண்டும். ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கோர் கிளாக்கை 50 மெகாஹெர்ட்ஸ் கூட்டி அரை மணி நேரம் கேம் ஆடுங்கள். நின்றால் இன்னொரு 25, இப்படியே போய், கேம் மூடிக்கொள்ளும் இடத்திலிருந்து 50 பின்வாங்குங்கள். கார்டு வரம்பிலேயே முட்டிக்கொண்டு ஓடுவதால், இந்த மாற்றம் அதே மின்சாரத்தில் கூடுதல் கிளாக்காகத் தெரியும். கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளில், வேகத்தைத் தடுப்பது எது என்று சொல்லும் பெர்ஃப்கேப் ரீசன் என்ற வரி எப்போதும் பவர் என்றே காட்டும். அது கோளாறு அல்ல, இந்தக் கார்டின் இயல்பு.

அதே வரி பி4000-இல் தெர்மல் என்று காட்டினால் மட்டும் கவனியுங்கள். ஒற்றை ஸ்லாட் பிளோயர் விசிறி, பல வருடப் பழைய தெர்மல் பேஸ்ட், ஹீட் சிங்க் துடுப்புகளில் அடைந்த தூசி. நம் ஊர்க் கோடையில் ஏசி இல்லாத அறையில் இது 80 டிகிரியைத் தாண்டிக் கத்தத் தொடங்கும். கழற்றித் தூசியை ஊதி, பேஸ்ட் மாற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும். மெமரி மீதிருக்கும் பேடுகளைக் கிழிக்காமல் எடுங்கள். கிழிந்தால் அதே தடிமனில்தான் மாற்ற வேண்டும், தடித்த பேட் போட்டால் சிப்புக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவில் இடைவெளி விழும்.

விலைக்கு வருவோம். இந்தக் கார்டுகள் புதிதாக விற்றபோது அந்த விலைக்குக் காரணம் கேட் (CAD), டிசைன் மென்பொருள்களுக்கான சான்றிதழும் அதற்கான டிரைவரும். கேமுக்கு அதில் ஒரு ரூபாய்கூடப் பயன்படாது. ஆகவே "புதுசுல இவ்வளவு சார்" என்ற பேச்சைக் காதில் வாங்காதீர்கள், அதே ஓட்டம் தரும் கேமிங் கார்டின் இன்றைய விலையோடு மட்டும் ஒப்பிடுங்கள். பி4000-க்கு அந்த அளவுகோல் பழைய ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர். டவர் கேபினெட்டும் 8 பின் வயரும் இருந்து, 1660 சூப்பர் அதே விலைக்குக் கிடைத்தால் அதையே எடுங்கள். வேகம் அதிகம், எச்டிஎம்ஐ உண்டு, விசிறிச் சத்தமும் குறைவு. ஏ2000-க்கு அளவுகோல் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி. அதுவும் 70 வாட், பவர் வயர் வேண்டாம், லோ புரொஃபைல் வடிவங்களும் உண்டு, வாரண்டியோடு புதிதாகக் கிடைக்கும். ஆனால் கோர் 2304, மெமரி 96 பிட், நொடிக்கு 168 ஜிபிதான். ஆகவே வேகத்தில் ஏ2000 மேல். பழைய ஏ2000, புதிய 3050-ஐவிடத் தெளிவாக மலிவாக இருந்தால்தான் வாரண்டியை விட்டுக்கொடுப்பதில் அர்த்தம் உண்டு. ரேடியான் ஆர்எக்ஸ் 6400-ஐயும் சிலர் காட்டுவார்கள். அது நான்கே பிசிஐ லேன் (தரவுப் பாதை) பயன்படுத்தும் கார்டு, உங்கள் மாதிரி மூன்றாம் தலைமுறை பிசிஐ ஸ்லாட் உள்ள பழைய மெஷினில் இன்னும் பின்தங்கும். 4 ஜிபி மெமரி வேறு.

இன்னொன்று, நான்கு கோர் ஐ5-6500 மாதிரி பிராசசரும் ஒற்றை 8 ஜிபி ரேம் குச்சியும் வைத்திருந்தால், பல கேம்களில் எந்தக் கார்டைப் போட்டாலும் ஃப்ரேம் வேகம் ஒரே அளவுதான் வரும். முதலில் அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி குச்சி போட்டு இரட்டைச் சேனல் ஆக்குங்கள்.

ரிச்சி ஸ்ட்ரீட்டானாலும் ஆன்லைனானாலும் பெயரை முழுதாகப் படியுங்கள். குவாட்ரோ 4000, கே4000, எம்4000, பி4000, குவாட்ரோ ஆர்டிஎக்ஸ் 4000 எல்லாம் வெவ்வேறு கார்டுகள். முதலாவது 2010-இன் 256 கோர் கார்டு, கே4000-இல் 768 கோர். எம்4000-இல் 1664 கோரும் 8 ஜிபியும் இருந்தாலும் திறன் பி4000-இல் பாதிதான். ஏ2000 என்று சொல்லிப் பி2000 தருவதும் இப்படித்தான். கடையிலேயே ஜிபியு-இசட் ஓட்டிப் பாருங்கள்: பி4000 என்றால் ஜிபி104, 1792, 256 பிட். ஏ2000 என்றால் ஜிஏ106, 3328, 192 பிட். பிறகு ஹெவன் அல்லது சூப்பர்பொசிஷன் பெஞ்ச்மார்க்கை 15 நிமிடம் ஓடவிட்டு, நான்கு போர்ட்டிலும் மானிட்டரை மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.